நாற்பது வருஷ கார்பன் ஒப்பந்தத்தில் கைரேகை வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் அரூர் பக்கம் சித்தேரி மலையில் ஒரு சின்ன ஊர். மலையாளிப் பழங்குடிச் சமூகம். அப்பா பேரில் நாலு ஏக்கர் பட்டா இருக்கிறது. அப்பா, அம்மா இருவர் பேரிலும் இரண்டு ஏக்கருக்கு வன உரிமைப் பட்டா வாங்கியிருக்கிறோம். சாமையும் கேழ்வரகும் போடுகிறோம். வரப்பில் பழைய புளியமரங்கள் நிற்கின்றன. போன மாதம் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். தேக்கு, மகோகனிக் கன்று இலவசமாகத் தருவார்களாம். நட்டு நாற்பது வருஷம் வெட்டாமல் விட்டால் கார்பன் பணம் வருஷா வருஷம் வங்கியில் ஏறுமாம். ஊரை ஒட்டிய காட்டையும் ‘சமூக ஒப்பந்தம்’ போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஆதார், சிட்டா நகல் கேட்கிறார். அப்பா கைரேகை வைக்கத் தயாராக இருக்கிறார். ஊர்க்கவுண்டர் வேண்டவே வேண்டாம் என்கிறார். மரமாக விற்பது லாபமா, கார்பனாக விற்பது லாபமா? எங்களிடம் இருக்கும் ஒன்றிரண்டு சந்தன மரத்தை என்ன செய்வது? அந்தக் கம்பெனி ஆளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்:

தம்பிக்கு வணக்கம். அப்பாவை இப்போதைக்குக் கைரேகை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்பன் வியாபாரமே மோசடி என்று நான் சொல்லவில்லை. மரம் காற்றிலிருந்து பிடித்து வைக்கும் கரியமில வாயுவை அளந்து, புகை விடும் கம்பெனிகளுக்குக் கணக்காக விற்கிறார்கள்; உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்தான் அது. நம் நாட்டிலும் 2023-இல் மத்திய அரசு கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்துவிட்டது. ஆனால் உங்களிடம் வந்த ஆள் மூன்று விதமான நிலத்தை ஒரே தாளில் சுருட்டியிருக்கிறார். அந்த மூன்றுக்கும் சட்டம் வேறு, கையெழுத்துப் போட உரிமை உள்ளவரும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் லாப நஷ்டம் பேசிப் பயனில்லை.

முதலில் நாலு ஏக்கர் பட்டா. இது அப்பா பேரில் இருப்பதால் அப்பா முடிவெடுக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் மலையில் கொடுத்த பட்டாக்களில் பல, அரசு நிபந்தனை போட்டு வழங்கியவை, அதாவது ஒப்படை செய்தவை. பழங்குடிப் பகுதிகளுக்கு அரசியலமைப்பு தனிப் பாதுகாப்புத் தரும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. ஆந்திரத்தில் இருப்பதுபோல் பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கும் தனிச் சட்டமும் இங்கே இல்லை. இருக்கிற பாதுகாப்பெல்லாம் வருவாய் வாரிய நிலை ஆணைகளிலும், ஒப்படை உத்தரவில் எழுதிய நிபந்தனைகளிலும்தான். அதனால் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டின் நகலும், தாலுகா அலுவலகத்தில் பழைய ஒப்படை உத்தரவின் நகலும் வாங்கிப் பாருங்கள். ‘நிபந்தனை’ என்று ஒரு வரி இருந்தாலும், நாற்பது வருஷத்துக்கு அந்த நிலத்தின்மேல் இன்னொருவருக்கு உரிமை எழுதிக் கொடுப்பது பின்னால் அப்பாவின் பட்டாவுக்கே உலை வைக்கலாம்.

இரண்டாவது, அந்த இரண்டு ஏக்கர். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(4) இதில் தெளிவாக இருக்கிறது. அந்த உரிமை வாரிசுகளுக்குப் போகும். விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்துப் பதிவதும் அதே பிரிவுப்படிதான். ஆக, அப்பாவின் கைரேகை மட்டும் போதும் என்று கம்பெனி ஆள் நினைத்தால் அவர் உங்கள் பட்டாவைப் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அம்மா கையெழுத்தையும் கேட்டிருந்தால்கூட அந்த நிலத்தை ஒப்பந்தத்தில் கட்ட முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: பட்டா கிடைத்தாலும் அது காட்டு நிலம்தான். அதில் ஏற்கெனவே நிற்கிற காட்டுமரம் உங்கள் கணக்கில் சேராது. நீங்களே நட்ட மரமானாலும் வனச்சரகரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் கோடரி வைக்காதீர்கள். அங்கே பழமரம் வைப்பதுதான் என் யோசனை.

மூன்றாவது, ஊரை ஒட்டிய காப்புக்காடு. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ‘சமூக ஒப்பந்தம்’ என்று அவர் சொல்வதற்கு இன்றைய நிலையில் எந்த அடிப்படையும் இல்லை. உங்கள் ஊருக்கு அந்தக் காட்டின்மேல் சமூக வன வள உரிமை கிடைத்திருந்தால் அதை நிர்வகிக்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு. கிடைக்காத வரை அது வனத்துறை நிலம். பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் ‘ஊரே சம்மதித்துவிட்டது’ என்று வெளிநாட்டில் காட்ட மட்டும்தான் அந்தத் தாள் உதவும். அதைவிட மோசம், நாளைக்கு நீங்கள் உரிமை கேட்டு மனு போடும்போது அந்தத் தாள் உங்களுக்கு எதிராகவே நிற்கக்கூடும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லாத விஷயத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: சமூக வன வள உரிமைக்கு உங்கள் ஊர் மனு போட்டதா? சட்டப் பிரிவு 3(1)(i), உங்கள் முன்னோர் வழிவழியாகக் காத்துப் பயன்படுத்திய காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. தனிநபர் நிலத்துக்கு படிவம் அ, சமூக உரிமைக்கு ஆ, காட்டு வளத்துக்கு இ என்று மூன்று படிவங்கள் உண்டு. பெரும்பாலான ஊர்களில் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். நிலம் கையில் வந்ததும் சந்தோஷத்தில் மற்ற இரண்டும் மறந்துபோகின்றன. தமிழ்நாட்டில் இந்த வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. 2008 முதல் 2016 வரை நீதிமன்ற உத்தரவால் பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது. அதனால் உங்கள் ஊர் பிந்திவிட்டதென்று வருத்தப்பட வேண்டாம்.

கிராம சபையில் வன உரிமைக் குழு இருக்கும்; பத்திலிருந்து பதினைந்து பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவோடு ஊர்க்கவுண்டரையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு எல்லையை நடந்து பாருங்கள். மாடு மேய்த்த தடம், கடுக்காயும் நெல்லியும் பொறுக்கிய இடம், சீமாறுப் புல் அறுத்த சரிவு, தேன் எடுத்த பாறை, சாமி கும்பிடும் மரம், தண்ணீர் எடுத்த ஊற்று, இவையெல்லாம்தான் ஆதாரம். கைபேசியில் ஜிபிஎஸ் புள்ளியோடு படம் எடுத்து வையுங்கள். பெரியவர்கள் வாக்குமூலத்தை எழுதி வாங்குங்கள். சட்ட விதிகளில் அதற்கும் இடமுண்டு. மனு கிராம சபைத் தீர்மானத்தோடு அரூர் கோட்டத்தின் உட்கோட்டக் குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும்.

இது கிடைத்த பிறகு என்னவாகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகாவைச் சொல்வார்கள். கோண்டு மக்களின் ஊர். 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு உரிமை வாங்கினார்கள். சட்டத்தில் மூங்கில் சிறு வனப் பொருள் என்றே எழுதியிருந்தும், அதை ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டை எழுதும் அதிகாரத்துக்குப் போராட வேண்டியிருந்தது. 2011 ஏப்ரலில்தான் அந்தச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது. அதன்பின் டெண்டர் விட்டு விற்றது கிராம சபையே. பெரிய மரத்தை வெட்டி விற்கிற உரிமை இந்தச் சட்டத்தில் இல்லை. மூங்கில், தேன், கடுக்காய், மூலிகை என்று சிறு வனப் பொருட்கள்தான். உங்கள் காட்டில் மூங்கில் எவ்வளவு நிற்கிறது என்று கடிதத்தில் எழுதவில்லை. அதையும் பார்த்து வையுங்கள்.

காட்டின் கார்பன் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், வன உரிமைச் சட்டத்தில் கார்பன் என்ற சொல்லே இல்லை. மேகாலயாவில் காசி மலைச் சமூகங்கள், ‘ஹிமா’ என்ற பாரம்பரிய ஆட்சிப் பகுதிகள் பத்து சேர்ந்து 27,000 ஹெக்டேர் அளவில் கார்பன் திட்டம் நடத்துகிறார்கள். அங்கே நிலம் குலத்துக்கும் சமூகத்துக்கும் சொந்தம். பழங்குடிகளுக்குத் தன்னாட்சி தரும் ஆறாவது அட்டவணைப் பகுதி. அந்த உதாரணத்தைக் காட்டிச் சித்தேரியிலும் அப்படியே செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட லாபக் கணக்கு. இதைக் கம்பெனி ஆளிடம் கேட்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள். 37 அடி 3 அங்குலத்துக்கு ஒரு கயிறு வெட்டிக்கொள்ளுங்கள். நிலத்தின் நடுவில் ஒரு முளை அடித்து, கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்தால் அந்த வட்டம் சரியாகப் பத்து சென்ட். அதற்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுங்கள். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே கவட்டையாகப் பிரிந்திருந்தால் இரண்டு கிளையையும் தனித்தனி மரமாக எழுதுங்கள். அளந்த இடத்தில் பெயின்ட் வளையம் போட்டால் அடுத்த வருஷம் அதே இடத்தில் அளக்கலாம். வட்டத்தின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் ஒரு ஏக்கர் கணக்கு கிடைக்கும். நாலு ஏக்கரில் இரண்டு மூன்று வட்டம் போட்டால் ஓரளவு நம்பலாம்.

மரத்திலிருந்து கார்பன் எப்படி வருகிறது? அளந்த சுற்றளவை வைத்து மரத்தின் உலர் எடையைக் கணிப்பார்கள். மண்ணுக்கு மேலே உலர் எடை 500 கிலோ உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேருக்குக் கால் பங்கு சேர்த்தால் 625 கிலோ. அதில் கார்பன் ஏறத்தாழ 47 விழுக்காடு, 294 கிலோ. கரியமில வாயுவாக மாற்ற 3.67-ஆல் பெருக்குவார்கள், 1,078 கிலோ வருகிறது. ஒரு டன் கரியமில வாயுதான் ஒரு கார்பன் கிரெடிட். ஆக, அரை டன் காய்ந்த எடை உள்ள ஒரு முழு மரம் வளர்ந்து நின்றால்தான் ஒரு கிரெடிட். அதே மரம் தேக்காக இருந்து, அதில் பத்துப் பன்னிரண்டு கன அடி அறுப்புமரம் தேறினால் அதன் விலை ஒரு கிரெடிட்டின் விலையைவிடப் பல மடங்கு.

ஒரு ஏக்கருக்கு வருஷக் கணக்கையும் பார்ப்போம். இதில் நான் போடுகிற எண்கள் எல்லாம் ஒரு ஊகம். உங்கள் மண்ணுக்கும் அன்றைய சந்தை விலைக்கும் ஏற்ப மாறும். மானாவாரி நிலத்தில் ஏக்கருக்கு வருஷம் 3 டன் கரியமில வாயு, டன்னுக்கு 800 ரூபாய் என்று வைத்தால் 2,400 ரூபாய். தீயிலோ வறட்சியிலோ மரம் போனால் ஈடுகட்ட ஒரு பங்கைப் பொதுச் சேமிப்பில் பிடித்துக்கொள்வார்கள். 20 விழுக்காடு போனால் மிச்சம் 1,920. கம்பெனி 60 விழுக்காடு எடுத்தால் உங்களுக்கு 768 ரூபாய். அதுவும் முதல் சில வருஷங்களில் கன்று சின்னதாக இருக்கும். சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் கிரெடிட்டே வரும். ‘வருஷா வருஷம் வங்கியில் ஏறும்’ என்று சொன்னது நடக்கிற காரியமில்லை. ஒரே ஒரு முதிர்ந்த புளியமரம் நல்ல காய்ப்பு ஆண்டில் நூறு கிலோவுக்கு மேல் பழம் தரும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் புளிக்கு இருக்கிற பெயர் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த 768 ரூபாய்க்காக வரப்பிலிருக்கும் புளியில் கை வைக்காதீர்கள். அதுவும் கார்பனைத்தான் பிடித்து வைத்திருக்கிறது.

‘நாற்பது வருஷம் வெட்டக்கூடாது’ என்று அவர் சொல்கிறாரே, அது கட்டாயம் அல்ல. வெட்டி மறுபடி நடுகிற தோட்டங்களுக்கும் கிரெடிட் உண்டு. பல வெட்டுச் சுழற்சிகளில் சராசரியாக மரத்தில் நிற்கிற கார்பன் எவ்வளவோ அதுவரைக்கும் கணக்கில் எடுப்பார்கள். வெட்டாமலே வைத்திருந்தால் கணக்கு சுலபம், கிரெடிட்டும் கூடுதல்; அது கம்பெனியின் வசதி. உங்கள் வசதியைப் பேச அங்கே ஆளில்லை, அதனால் அது தாளில் ஏறவில்லை.

மகோகனி பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் மழை வருஷத்துக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. நல்ல தண்ணீர் வசதி இருக்கிற தோப்பில் மகோகனி வளரும். கல்லும் சரளையுமான சரிவில் முதல் இரண்டு கோடையைத் தாண்டுவது பாடு. இலவசக் கன்று செத்துப்போனால் குழி வெட்டிய கூலியை யார் தருவார்கள்? நடுகிறதாக இருந்தால், மண் ஆழம் உள்ள மூலையில் கொஞ்சம் மலைவேம்பு போடலாம், ஏழெட்டு வருஷத்தில் பிளைவுட்டுக்குப் போகும். சரிவில் வேங்கை, நாவல், நெல்லி என்று கலந்து வையுங்கள். சாமை போடுகிற நிலத்தை மரத்துக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டில் சோறு இருக்கிற வரைக்கும்தான் மரத்தை முதிர விட மனசு வரும். முள்ளையும் புதரையும் எரித்துச் சுத்தம் பண்ணி நடச் சொன்னால் சரியென்று தலையாட்டாதீர்கள். இயற்கைக் காட்டுத் தாவரத்தை அழித்துப் பத்து வருஷத்துக்குள் நட்ட நிலத்துக்கு, கார்பனுக்குச் சான்று தரும் முக்கிய அமைப்புகள் கிரெடிட் தருவதில்லை. அதைத் தெரிந்தே சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று நீங்கள் கேட்க வேண்டும். உண்ணிச்செடி என்ற அந்நியக் களையைப் பிடுங்குவது வேறு. அது நல்ல வேலை.

மரமும் காடும் இரண்டும் கையில் நிற்க வழியுண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனாமினி என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். 1854 உடன்படிக்கையில் ஒதுக்கிய நிலம், இன்று 2,30,000 ஏக்கருக்கு மேல். 1908-இல் நியோபிட் என்ற ஊரில் மர ஆலை வந்தது. பெரும்பாலும் முதிர்ந்ததையும் நோய்ப்பட்டதையும் தேர்ந்து வெட்டுகிறார்கள். முதலில் நின்றதைவிட அதிக மரத்தை வெட்டி விற்றுவிட்டார்கள். ஆனாலும் இன்று நிற்கிற இருப்பு 1854-இல் நின்றதைவிடக் கூடுதல். நடுவில் 1954-இல் அமெரிக்க அரசு அவர்களுடைய பழங்குடித் தகுதியையே ரத்து செய்து சட்டம் போட்டது. போராடி 1973-இல்தான் மீட்டார்கள். அங்கே என்னைக் கவர்வது ஆண்டுக்கு இவ்வளவுதான் வெட்டலாம் என்ற அளவைத் தங்கள் அளவெடுப்பிலிருந்து எடுப்பதும், ஆலையும் அவர்களுடையதாக இருப்பதும்தான். கலிஃபோர்னியாவில் யூரோக் போன்ற பழங்குடிகள் கார்பனும் விற்கிறார்கள். அந்த மாநிலத் திட்டத்தில் கடைசி கிரெடிட் வாங்கிய நாளிலிருந்து நூறு வருஷம் காட்டைக் கண்காணித்துக் கணக்குக் காட்ட வேண்டும். பேரன் பேத்திகள் காலத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்தே போடுகிறார்கள். உங்கள் நாற்பது வருஷமும் அப்படித்தான். அப்பாவுக்கு அது விளக்கிச் சொல்லப்பட்டதா?

சந்தனம். பட்டா நிலத்தில் தானாக முளைத்து நின்றாலும் அதை நீங்களாக வெட்டவோ ஏற்றவோ விற்கவோ கூடாது. வனத்துறை வழியாக மட்டுமே. மரம் நிற்கிறது என்று வனச்சரகருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் நகலைப் பத்திரமாக வையுங்கள். திருடன் வெட்டிக்கொண்டு போனால் உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்த நகல்தான் துணை. உங்கள் மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் சந்தனத்தைத் தேடி வந்த வனத்துறை, காவல்துறை ஆட்கள் ஊர்மக்களுக்குச் செய்த கொடுமையை ஊர்க்கவுண்டர் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011-இல் அவர்களுக்குத் தண்டனை வந்து, 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காடு, மரம், கையெழுத்து என்ற மூன்றும் ஒன்றாக வந்தாலே அவர் ‘வேண்டாம்’ என்கிறார் என்றால் அது பிடிவாதம் அல்ல. அவரை விட்டுவிட்டு அப்பாவிடம் மட்டும் பேசுகிற ஆளை நானும் நம்ப மாட்டேன்.

கம்பெனி ஆளுக்குச் சொல்ல வேண்டியது: “ஒப்பந்தத்தை முழுசாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள். வன உரிமை நிலமும் காப்புக்காடும் அதில் இருக்கக்கூடாது. கிராம சபையில் வந்து படியுங்கள்.” தமிழ்த் தாள் வந்தால் நான்கு இடத்தை மட்டும் தேடிப் பாருங்கள். தீ பிடித்துக் கன்று போனால் நஷ்டம் யாருக்கு? பிப்ரவரியிலிருந்து மே வரை நம் மலையில் தீ வராத வருஷம் அபூர்வம். தீத்தடுப்புக் கோடு வெட்டும் கூலியை உங்கள் தலையில் கட்டியிருக்கலாம். கம்பெனி அந்த ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு விற்கலாமா? நடுவில் நீங்கள் விலக நினைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? மாடு மேய்க்க, விறகு பொறுக்க, ஊடுபயிர் போட ஏதாவது தடை உண்டா? இவற்றுக்கு வாயால் சொல்கிற பதில் எதுவும் செல்லாது. வெற்றுத்தாளிலோ வெற்று முத்திரைத்தாளிலோ எக்காரணம் கொண்டும் கைரேகை வேண்டாம். ஆதார் நகல் கொடுத்தே தீர வேண்டும் என்ற நாள் வந்தால், அதன்மேல் எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

தாள் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பலாம். மரக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன். சட்டப் பக்கத்தை வக்கீல் பார்க்க வேண்டும். அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தர்மபுரியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. போகும்போது பட்டா, வன உரிமைப் பட்டா இரண்டின் நகலையும், அப்பாவோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.